‘இதில் நீ எங்கே இருக்கிறாய்?’

கேள்வி: அன்புள்ள மேடம், அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழி. இந்தப் பருவத்தில் ஆறு பழைய ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ‘பர்சனல் ரெஸ்பான்ஸ்’ எழுதி நோட்டாகத் தர வேண்டும். பேக்கன், சார்லஸ் லாம், ஆர்வெல் எல்லாம் இருக்கிறார்கள். முதல் மூன்றை எழுதிக் கொடுத்தேன். சுருக்கம், கருப்பொருள், நடை என்று நோட்ஸ் பார்த்து ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். ‘இதில் நீ எங்கே இருக்கிறாய்?’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார்கள். பேக்கனைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நான் யார்? உண்மையில் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. அதை எழுதலாமா? ஆர்வெல்லின் யானைக் கட்டுரையில் எனக்கு யானை மேல் கவனம் போகவில்லை, அதில் செத்துப்போகிற கூலியாள் மேல்தான் போனது. என் கொள்ளுத்தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1942இல் நடந்தே ஊர் திரும்பினாராம். அவர் கொண்டுவந்த பர்மா வெற்றிலைப் பெட்டி இன்னும் பாட்டியிடம் இருக்கிறது. இதையெல்லாம் எழுதினால் சம்பந்தமில்லாமல் எழுதுகிறாய் என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. என்னை நீ என்றே எழுதுங்கள் மேடம். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

‘எனக்கு யானை மேல் கவனம் போகவில்லை’ என்று எழுதிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவள்போல் அடுத்த வரிக்கு ஓடிவிட்டாய். நான் அந்த வரியிலேயே வெகுநேரம் இருந்தேன். முப்பத்தோரு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். ஆர்வெல்லின் அந்த ‘ஷூட்டிங் ஆன் எலிஃபண்ட்’ கட்டுரையை மட்டும் இருபது தடவையாவது எடுத்திருப்பேன். ஏகாதிபத்தியம் ஆளப்படுகிறவனை மட்டுமல்ல, ஆளுகிறவனையும் அடிமையாக்குகிறது என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் அதுவே திரும்பி வரும். அது சரியான விளக்கம்தான். ஆனால் சேற்றில் கிடந்த அந்த மனிதரிடம் நானும் என் வகுப்பும் நின்றது மிகக் குறைவு. நீ நின்றிருக்கிறாய். உன் ஆசிரியர் சிவப்பு மையில் தேடுகிற ‘நீ’ அங்கேதான் இருக்கிறாள். அவளை நோட்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் உன் பயத்தைப் பற்றி. அது உன் குறை என்று நினைக்காதே. நாம் ‘கட்டுரை’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட விதம் அப்படி. ஆறாம் வகுப்பிலிருந்தே முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, நடுவில் ஒரு திருக்குறள். கட்டப்பட்ட உரை. அவிழ்ந்து கிடந்தால் மதிப்பெண் போகும். நீ இப்போது படிக்கிற கட்டுரைகளுக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பெயரோ வேறொரு வீட்டிலிருந்து வந்தது. பிரான்சில் போர்தோ நகருக்குப் பக்கத்தில் வாழ்ந்த மாண்டெய்ன் என்பவர், நீதிமன்றப் பதவியை விட்டுவிட்டு, 1571இல் தன் முப்பத்தெட்டாவது வயதில் மாளிகைக் கோபுரத்திலிருந்த நூலகத்துக்குள் போய் உட்கார்ந்தார். அங்கே எழுதத் தொடங்கியவற்றை 1580இல் அச்சிட்டபோது ‘எஸ்ஸே’ என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் அதற்கு ‘முயன்று பார்த்தல்’, ‘சோதித்துப் பார்த்தல்’ என்று பொருள். புளி போதுமா என்று குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்கிறோமே, அந்த மாதிரியான பார்த்தல்.

அவர் அச்சான தன் புத்தகத்தையே மறுபடி எடுத்து, ஓரங்களில் எழுதிக்கொண்டே போனார். 1588ஆம் வருடப் பதிப்பின் பிரதி ஒன்றில் சாகும்வரை அவர் எழுதிச் சேர்த்த குறிப்புகளை இன்றைக்கும் போர்தோ நூலகத்தில் பார்க்கலாம். ‘நான் சேர்க்கிறேன், திருத்துவதில்லை’ என்று அவரே சொல்கிறார். முன்பு அப்படி நினைத்தேன், இப்போது இப்படி நினைக்கிறேன், இரண்டும் இருக்கட்டும் என்ற மனம் அது. தன் வாசிப்புக்குத் தானே மறுமொழி எழுதிய மனிதர். பழைய கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்களான புளூட்டார்க்கையும் செனெக்காவையும் படித்துவிட்டு, ‘எனக்கு இது எப்படிப் படுகிறது’ என்று எழுதியவர். ‘பர்சனல் ரெஸ்பான்ஸ்’ என்று உன் பாடத்திட்டம் கேட்பது கட்டுரை பிறந்த நாளிலிருந்தே கட்டுரைக்குள் இருக்கிற காரியம். அதனால் ‘அபிப்பிராயம் சொல்ல நான் யார்’ என்ற கேள்வியை இனிக் கேட்காதே. நீ படித்தவள். அந்தத் தகுதி போதும்.

இனி யானைக்கு வருகிறேன். இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். கட்டுரை வெளிவந்தது 1936இல். இடம் கீழ்ப் பர்மாவின் மோல்மேன். மதம் பிடித்த யானை ஒன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு ஊருக்குள் வருகிறது. குடிசையை உடைக்கிறது, ஒரு மாட்டைக் கொல்கிறது, பழக்கடைகளைச் சூறையாடுகிறது. அப்புறம் ஒரு மனிதரைக் காலால் நசுக்குகிறது. அதிகாரி துப்பாக்கியோடு போய்ச் சேரும்போது யானை அமைதியாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. சுடத் தேவையில்லை என்று அவருக்கே தெரியும். பின்னால் இரண்டாயிரம் பேர் நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் கோமாளியாகிவிடக் கூடாது என்பதற்காகச் சுடுகிறார். இவ்வளவும் நோட்ஸில் இருக்கும்.

நீ செய்ய வேண்டியது இது. அந்தக் கூலியாள் கட்டுரையில் எங்கெங்கே வருகிறார் என்று பென்சிலால் கோடு போடு. முதலில் சேற்றில் கிடக்கிறார். இந்தியர், கறுத்த திராவிடக் கூலி, ஏறக்குறைய ஆடையில்லாமல். மழைக்காலம் என்பதால் மண் இளகியிருக்கிறது. அவர் முகம் உழுத தடம் ஓரடி ஆழம், இரண்டு கஜ நீளம். குப்புறக் கிடக்கிறார், கைகள் சிலுவையில் அறைந்ததுபோல் விரிந்திருக்கின்றன, கண் திறந்திருக்கிறது, பல் வெளியே தெரிகிறது. முயலைத் தோலுரிப்பதுபோல் முதுகுத்தோல் உரிந்திருக்கிறது. இதற்கு அடுத்த வாக்கியம் என்ன என்று பார். பிணத்தைப் பார்த்த மாத்திரத்தில் பக்கத்திலிருந்த நண்பர் வீட்டுக்கு ஆள் அனுப்பி யானைத் துப்பாக்கி வாங்கிவரச் சொன்னேன் என்கிறார். அவ்வளவுதான். அந்த மனிதர் யார், வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் அழுதார்கள் என்று ஒரு சொல் கிடையாது.

இப்போது யானை பக்கம் வா. புல்லைப் பிடுங்கி, முழங்காலில் தட்டி மண்ணை உதறி, வாயில் திணித்துக்கொள்கிறது. அதைப் பார்த்தால் தன் பாட்டில் ஏதோ நினைவாக இருக்கும் ஒரு பாட்டியம்மாவைப்போல் இருந்தது என்று எழுதுகிறார். குண்டு பட்டதும் அது ஒரே கணத்தில் சுருங்கிக் கிழடு தட்டிப்போகிறது. முழங்கால் மடிகிறது, எழுந்திருக்கப் பார்க்கிறது, விழுகிறது, மூச்சு வாங்குகிறது. பத்தி பத்தியாக அது சாகிறது. அரை மணி நேரம் உயிர் போகவில்லை என்று பிறகு கேள்விப்படுகிறார். எண்ணிப் பார்: மனிதருக்கு எத்தனை வரி, யானைக்கு எத்தனை வரி? யானைக்குப் பாட்டி என்ற உறவு கிடைத்திருக்கிறது. மனிதருக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

உனக்கு எங்கே உறுத்தியது என்பது இப்போது உன் மனசிலிருந்து தாளுக்கு வந்துவிட்டது, பார்த்தாயா? ‘எனக்குக் கூலியாள் மேல் பரிதாபம் வந்தது’ என்று எழுதினால் யாரும் அதை மறுக்கவும் முடியாது, அதனால் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவும் செய்யாது. ‘யானை சாவதற்கு இவ்வளவு இடம், மனிதர் சாவதற்கு இவ்வளவு இடம், பிணத்தைப் பார்த்த கையோடு பேச்சு துப்பாக்கிக்குப் போய்விடுகிறது’ என்று எழுதினால் உன் பரிதாபத்துக்குக் கால் முளைத்துவிடும்.

இத்தோடு நிறுத்திவிடாதே. கட்டுரையின் கடைசிப் பத்திக்குப் போ. வெள்ளைக்கார இளைஞர்கள் பேசிக்கொள்கிறார்கள்: ஒரு கூலியைக் கொன்றதற்காக யானையைச் சுட்டது அநியாயம், எந்தக் கோரங்கிக் கூலியைவிடவும் யானைக்கு மதிப்பு அதிகம் என்று. அடுத்து ஆர்வெல் தன் வாயாலேயே சொல்கிறார்: கூலி செத்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம், சட்டப்படி நான் செய்தது சரி என்றாகிவிட்டது. இந்த வரியை நீ எப்படி வாசிக்கிறாய்? இப்படியும் நினைத்தவன்தான் நான் என்று பத்து வருடம் கழித்துத் தன்னையே காட்டிக்கொடுக்கிறாரா? அல்லது காட்டிக்கொடுக்கும்போதும் அந்த மனிதருக்குப் பெயர் வைக்கத் தோன்றாத ஆளாகவே இருக்கிறாரா? எனக்கு இரண்டும் உண்மை என்று படுகிறது. ஆனால் நான் சொன்னேன் என்று எழுதாதே. நீ இரண்டு முறை அந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்துவிட்டு உனக்குப் பட்டதை எழுது.

‘கோரங்கி’ என்ற சொல்லில் கொஞ்சம் நில். அது இன்றைய ஆந்திரத்தில் காக்கிநாடாவுக்குப் பக்கத்திலிருக்கும் பழைய துறைமுக ஊர். அங்கிருந்து கப்பலேறிப் பர்மா போனவர்கள் ஏராளம், ஊர்ப்பெயரே அவர்களுக்கு அடையாளப் பெயராகிவிட்டது. ஆக, செத்துக்கிடந்தவர் தெலுங்கு பேசியவராக இருந்திருக்கலாம். உன் மனது அவரை உடனே உன் கொள்ளுத்தாத்தா ஆக்கிக்கொண்டது இயல்பு. ஆனால் எழுதும்போது அவரை அவராக விட வேண்டும். ‘முதலில் இவரை நம்ம ஊர்க்காரர் என்றே நினைத்தேன், கோரங்கி என்ற சொல் என்னைத் தடுத்தது’ என்று நீ எழுதினால் அது முதல் நினைப்பைவிட நல்ல மறுமொழி. மாண்டெய்ன் ஓரத்தில் எழுதிச் சேர்த்ததுபோல இதையும் பக்கத்தில் எழுதி வை, முன்னதை அடிக்காதே.

‘கூலி’ என்ற சொல்லையும் பார். ஆங்கில அகராதிக்காரர்கள் அதன் வேரைக் குஜராத்தின் கோலி மக்களிடமும் நம் தமிழிலும் தேடுகிறார்கள். நமக்குக் கூலி என்பது மனிதன் உழைத்து வாங்குகிற காசு. நாம் ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள் என்போம், கூலிக்காரர் என்போம். ஆர்வெல்லின் பக்கத்தில் ஆள் உதிர்ந்துபோய்க் கூலி மட்டும் நிற்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள மாணவருக்கு இது கண்ணில் படவே படாது, உனக்குப் படும். தமிழ் வழியில் படித்தது இந்தப் பாடத்தில் உனக்குக் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இந்த ஒரு சொல்லுக்காவது அந்த நினைப்பை விட்டுவிடு.

கொள்ளுத்தாத்தாவை எழுதலாமா என்று கேட்டாய். எழுதலாம், ஆனால் அளவு தெரிந்து. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் 1920களில் ஒரு சோதனை செய்தார். எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். வந்த பதில்களை ஆராய்ந்து 1929இல் புத்தகமாகப் போட்டார். வாசிப்பைக் கெடுப்பவை என்று அவர் வரிசைப்படுத்தியதில் இரண்டு உனக்கு வேண்டியவை. ஒன்று, தயாராக வைத்திருக்கும் உணர்ச்சி: அம்மா என்று வந்தால் கண்ணீர், நாடு என்று வந்தால் பெருமிதம், கட்டுரை என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே. இன்னொன்று, சம்பந்தமில்லாமல் குறுக்கே வந்து படிப்பவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும் சொந்த நினைவு.

உன் வீட்டு நினைவு குறுக்கே வந்ததா, உள்ளே கூட்டிக்கொண்டு போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் பிள்ளைகளுக்குச் சொன்ன வழி இது: நினைவை எழுதிய பிறகு கட்டுரைக்குத் திரும்பி வா. திரும்பி வந்ததும், முன்பு பார்க்காத ஏதாவது ஒன்று இப்போது கண்ணில் படுகிறதா? பட்டால் அந்த நினைவு நோட்டில் இருக்கட்டும். படவில்லையென்றால் அது நல்ல நினைவுதான், வேறொரு நாள் தனியாக எழுது. ஜப்பான் படை வந்ததும் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்த கதை பெரிய கதை. அதை இந்த நோட்டின் நாலு பக்கத்துக்குள் திணித்தால் ஆர்வெல்லும் தெரியமாட்டார், உன் தாத்தாவும் தெரியமாட்டார். மூன்று வரி போதும். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், நடந்தே வந்தார், வெற்றிலைப் பெட்டி பாட்டியிடம் இருக்கிறது. பிறகு ‘அதனால்தான் என் கண் யானையிடம் போகவில்லை’ என்று கட்டுரைக்குள் இறங்கிவிடு.

பேக்கன் பிடிக்கவில்லை என்றாயே, தாராளமாக எழுது. ஏன் என்று உன் கடிதத்தில் சொல்லவில்லை. ஒன்று சொல்கிறேன், ஒத்துப்போகிறதா பார். படிப்பைப் பற்றிய அவருடைய ‘ஆஃப் ஸ்டடீஸ்’ கட்டுரை முழுக்கத் தேடினாலும் ‘நான்’ என்ற சொல் ஒருமுறைகூட வராது. படிப்பு மனிதனை நிறைந்தவன் ஆக்கும், உரையாடல் தயாரானவன் ஆக்கும், எழுத்து துல்லியமானவன் ஆக்கும் என்று மூன்று மூன்றாக நிறுத்தி, தீர்ப்பு வாசிப்பதுபோல் போவார். படிப்பவர் வாய் திறக்க இடமே இருக்காது. உனக்கு மூச்சு முட்டியது இதனால் என்றால், நீ அவருடைய நடையைச் சரியாகக் கேட்டிருக்கிறாய் என்று அர்த்தம். திருமணம் பற்றிய அவர் கட்டுரையில், மனைவி இளைஞனுக்குக் காதலி, நடுவயதில் துணை, கிழவனுக்குத் தாதி என்று வரும். ஆணுக்கு அங்கே மூன்று பருவம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயது, அவளுக்கு யார் தாதி? இப்படி ஒரு கேள்வியை அந்த வரியின் பக்கத்தில் எழுது. ‘பேக்கன் ஒரு ஆணாதிக்கவாதி’ என்று மட்டும் எழுதி மூடிவிடாதே. அது இன்னொரு வகை நோட்ஸ்.

அவரைப் பிடிக்காமல் படிக்கும்போதும் நியாயமாகப் படிக்க வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். 1597இல் அவர் வெளியிட்டவை பத்தே கட்டுரைகள். 1612இல் முப்பத்தெட்டு. 1625இல் ஐம்பத்தெட்டு. ‘ஆஃப் ஸ்டடீஸ்’ முதல் பத்திலேயே இருந்தது, இருபத்தெட்டு வருடம் கழித்து அதையும் விரித்து எழுதினார். அதற்குள்ளேயே உனக்கு ஒரு வரி வைத்திருக்கிறார்: மறுத்துப் பேசுவதற்காகப் படிக்காதே, அப்படியே நம்பிக்கொள்வதற்காகவும் படிக்காதே, நிறுத்துப் பார்த்து யோசிப்பதற்காகப் படி. அவரை நிறுத்துப் பார்க்க உனக்கு அவரே தராசு கொடுத்திருக்கிறார்.

லாமைப் பற்றி நீ ஒன்றுமே சொல்லவில்லை. பட்டியலில் இருப்பது ‘ட்ரீம் சில்ட்ரன்’ ஆகத்தான் இருக்க வேண்டும், நம் கல்லூரிகளில் பெரும்பாலும் அதைத்தான் வைப்பார்கள். அதை நான் முதலில் படித்தது உன் வயதில். ‘நகைச்சுவையும் சோகமும் கலந்த நடை’ என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். எனக்கு முப்பத்து நாலு வயதில் என் அண்ணன் இறந்துபோனான். சின்ன வயதில் எங்களுக்குள் தினமும் சண்டை. என் பேனாவை எடுத்துப்போய் நிப்பை வளைத்து வைப்பான், நான் அவன் சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிடுவேன். அவன் போன அடுத்த மாதம் வகுப்பில் இந்தக் கட்டுரையை எடுக்க வேண்டியிருந்தது. இறந்த அண்ணன் ஜானைப் பற்றி லாம் எழுதுகிற இடம் வந்தது. அவனுடைய அன்பையும் தேடினேன், அவனுடைய கோபத்தையும் தேடினேன், அவன் உயிரோடு வந்து என்னோடு சண்டை போட்டால்கூடப் போதும் என்றிருந்தது என்கிறார். பத்து வருடமாக நடத்திய வரி. அன்றைக்குத்தான் படித்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மீதியை நாளைக்குப் பார்ப்போம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

வீட்டுக்குப் போய்ப் பிறகுதான் தேதிகளைப் பார்த்தேன். லாமின் அண்ணன் ஜான் இறந்தது 1821இன் பிற்பகுதியில். கட்டுரை பத்திரிகையில் வந்தது 1822 ஜனவரியில். ஈரம் காய்வதற்குள் எழுதியிருக்கிறார். அதற்கு இருபத்தைந்து வருடம் முன்பு, 1796இல், அக்கா மேரி மனநோயின் வேகத்தில் பெற்ற தாயைக் கத்தியால் குத்திவிட்டாள். அப்போது லாமுக்கு இருபத்தொரு வயது. அக்காவைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டு, கல்யாணம் செய்யாமல், கடைசிவரை பார்த்துக்கொண்டார். பகலெல்லாம் லண்டன் லெடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப் பேரேடுகள், 1792 முதல் 1825 வரை. நம் கரையை ஆண்ட அதே கம்பெனி.

இதெல்லாம் தெரிந்து மறுபடி படித்தபோது எனக்குப் பட்டது ஒரு திராட்சைக் கொத்து. கட்டுரையில் லாம் தன் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை ஜான் (அண்ணன் ஜான் வேறு), சகோதரி ஆலிஸோடு பங்கிட்டுத் தின்னலாம் என்று எடுத்த திராட்சையை, அப்பா சொல்லும் கதையின் கனத்தில், யாருக்கும் தெரியாமல் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுகிறான். ஆலிஸ் அதைக் கவனித்துவிடுகிறாள். கட்டுரையின் கடைசியில்தான் நமக்குத் தெரிகிறது, அந்தக் குழந்தைகளே கிடையாது. கல்யாணமாகாத ஒருவர் நாற்காலியில் கண்ணயர்ந்து கண்ட கனவு. பிறக்காத பிள்ளையின் கையில் திராட்சை கொடுத்து, அதைத் திரும்ப வைக்கும் நாசூக்கையும் கொடுத்திருக்கிறார். எத்தனை நாள் அந்தப் பிள்ளைகளோடு மனசுக்குள் வாழ்ந்திருந்தால் இது தோன்றும்! என் அண்ணன் எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்தத் திராட்சையைத்தான். நான் மேலே சொன்ன திரும்பி வருதல் இதுவே.

உனக்கு இன்னும் அப்படி ஓர் இழப்பு வராமலிருந்தால் நல்லது, வரவே வேண்டாம். ‘எனக்கு இந்தக் கட்டுரை ஒன்றும் செய்யவில்லை’ என்று நேர்மையாக எழுது. எந்த இடத்தில் மனசு வேறெங்கோ போனது, எந்த வாக்கியத்தில் நீளம் தாங்காமல் கண் நழுவியது என்று குறித்து வை. அதுவும் மறுமொழிதான். வராத அழுகையை வந்ததாக எழுதுவதுதான் இந்த நோட்டில் ஒரே தப்பு.

கைக்காரியமாகச் சில விஷயம். முதல் மறுமொழியைத் தமிழில் எழுது. ஆங்கிலத்தில் யோசித்தால் உனக்குத் தெரிந்த ஆங்கிலம் எவ்வளவோ அவ்வளவுதான் உணர்ச்சியும் வரும், ‘வெரி டச்சிங்’ என்று நின்றுவிடும். தமிழில் இரண்டு பக்கம் கொட்டிவிட்டு, மறுநாள் அதில் உயிருள்ள ஐந்தாறு வரியை எடுத்து ஆங்கிலத்தில் கட்டு. வாக்கியம் சின்னதாக இருந்தால் பரவாயில்லை. நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள். இடது பக்கம் கட்டுரையின் வரி, எழுத்து மாறாமல். வலது பக்கம் உன் பேச்சு. இடது பக்கம் காலியாக இருக்கிற இடத்தில் வலது பக்கம் நீளமாகப் போனால், நீ கட்டுரையை விட்டு வெளியே வந்துவிட்டாய் என்று அதுவே காட்டிவிடும். தேதி போடு. பத்து நாள் கழித்து வேறு நிற மையில் மறுபடி எழுது. இணையத்தில் கிடைக்கும் சுருக்கத்தைப் படிப்பதானால் உன் முதல் மறுமொழிக்குப் பிறகு படி, முன்னால் படித்தால் உன் கண் தன் வேலையைச் செய்யாது.

திருப்பிக் கொடுத்த மூன்றையும் புதிதாக எழுதத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். உன் ஆசிரியரிடமே போய்க் கேள். அப்படி ஒரு கேள்வியைச் சிவப்பு மையில் எழுத நேரம் ஒதுக்கியவர், நீ போய் நின்றால் பேசுவார். யானைக் கட்டுரையின் இரண்டு பக்கத்தை மட்டும் இந்த முறையில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டு.

முடிந்தால் ஆர்வெல் 1931இல் எழுதிய ‘எ ஹேங்கிங்’ கட்டுரையையும் சேர்த்துப் படி, சில பக்கங்கள்தான். பர்மாச் சிறையில் ஒரு தூக்குத் தண்டனை. தூக்குமேடைக்கு நடக்கிற கைதி, வழியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து லேசாக ஒதுங்கி நடக்கிறார். அந்த ஒரு ஒதுங்கலில் ஆர்வெல் நின்றுவிடுகிறார், ஆரோக்கியமான ஓர் உயிரை அறுப்பது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. அதிலும் ஒரு ‘திராவிடர்’ வருகிறார்: தங்கக் கண்ணாடி போட்ட, வெள்ளை உடுப்பு உடுத்திய தலைமைச் சிறைக் காவலர். அவருக்குப் பெயர் இருக்கிறது, பிரான்சிஸ். தூக்கில் தொங்குகிறவருக்குப் பெயர் இல்லை. யாருக்குப் பெயர் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று இரண்டு கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் பார்.

அந்த வெற்றிலைப் பெட்டியை அடுத்த முறை கையில் எடுக்கும்போது பாட்டியிடம் ஒன்று கேள். ரங்கூன் துறைமுகத்தில் கொள்ளுத்தாத்தாவை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? பெயர் சொல்லியா, ஊர் சொல்லியா, கூலி என்றா? பாட்டி சொல்வதைத் தேதி போட்டு வலது பக்கத்தில் எழுதி வை. எனக்கும் ஒரு வரி எழுது.

அன்புடன்.